மேடைப் பேச்சா, ஆறு சனிக்கிழமையா? பிளஸ் டூ பசங்களுக்கு எதில் செலவு பண்ணலாம்?

கெடிலக்கரையான்:
கடலூரில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் 1998-ல் பிளஸ் டூ முடித்த செட் நாங்கள். பள்ளிக்கு ஏதாவது செய்யலாம் என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டதில் 60,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. பாதிப் பேர், தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூப்பிட்டு மண்டபத்தில் விழா எடுக்கலாம் என்கிறார்கள். (சால்வை எத்தனை வாங்குவது என்பது வரை பேசியாகிவிட்டது.) என் யோசனை வேறு. மார்ச் கடைசியில் பரீட்சை முடிந்தால் ரிசல்ட் வர மே மாதம் ஆகிறது. நடுவில் ஆறு சனிக்கிழமை. வங்கி வேலை, சான்றிதழ்கள், ஐடிஐக்கும் பாலிடெக்னிக்குக்கும் டிகிரிக்கும் என்ன வித்தியாசம், சம்பளச் சீட்டு படிப்பது, சோறு வடிப்பது. வகுப்பறையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம். வாட்ஸ்அப் குரூப்பில் சண்டையாகிவிட்டது. நீங்க என்ன சொல்றீங்க?

சில்வர்பீச்:
ரெண்டும் வேஸ்ட் சார். 2022 மார்ச்சிலிருந்து ‘நான் முதல்வன்’ ஓடுது. என்ன படிக்கலாம், எங்க படிக்கலாம்னு ஸ்கூல்லயே சொல்றாங்க. அரசாங்கம் செய்றதையே நாமளும் செய்யணுமா? கஷ்டப்படுற ரெண்டு பசங்களுக்கு பீஸ் கட்டுங்க, புண்ணியமாப் போகும். சோறு வடிக்கவெல்லாம் பழைய மாணவர் சங்கமா? வீட்ல அம்மா பாத்துக்குவாங்க.

புதுவைக்காரி:
அப்படி அம்மா பாத்துக்கிட்ட பையன்தான் என் தம்பி. சென்னையில ரூம் எடுத்து மூணு மாசம் கடைச் சாப்பாடு. சம்பளம் பாதி அதுக்கே போச்சு, கடைசியில மஞ்சள் காமாலையோட பஸ் ஏறி வந்தான். அரிசி களையத் தெரியாத 21 வயசு ஆம்பளை! இதுல ஒரு சனிக்கிழமை போனா குறைஞ்சா போயிடுவீங்க?

இன்னொண்ணு. கடலூர்ப் பசங்க நிறைய பேர் எங்க ஊர் காலேஜைத்தான் பாக்குறாங்க, பஸ்ல வந்துடலாம்னு. இங்க சேர்க்கை சென்டாக் வழியா, அதாவது புதுவை அரசோட சேர்க்கைக் குழு. அரசு ஒதுக்கீட்டு இடம்னா புதுவை இருப்பிடச் சான்றிதழ் கேப்பாங்க. அதெல்லாம் விசாரிக்காம மார்க்கை மட்டும் நம்பி வர்றாங்க.

இசேவை அக்கா:
நான் மஞ்சக்குப்பம் பக்கம் இ-சேவை மையத்துல இருக்கேன். மே, ஜூன் வந்தா மதியச் சாப்பாடு நாலு மணிக்குத்தான். போன வருஷம் ஒரு பொண்ணு வந்தா, 540-க்கு மேல மார்க். பத்தாவது மார்க் ஷீட்ல பேருக்கு முன்னாடி இனிஷியல் ‘கே’. ஆதார்ல அதையே அப்பா பேரா முழுசா, பேருக்குப் பின்னாடி போட்டிருக்கு. பாங்க் பாஸ்புக்ல இனிஷியலே இல்ல. ஒரே பொண்ணு, மூணு பேரு! அப்ளிகேஷன்ல எதைப் போடறதுன்னு என்னைக் கேக்குறா. முதல் பட்டதாரி சான்றிதழ்னு ஒண்ணு இருக்கு, வீட்டுல யாருமே டிகிரி படிக்கலைன்னா பீஸ் சலுகை உண்டுன்னு சொன்னேன். அன்னைக்குத்தான் முதல்ல கேள்விப்படுறா. அப்பா வேலைக்குப் போயிட்டாரு, கையெழுத்துப் போட ஆள் இல்ல. மூணு தடவை நடந்தா.

‘நான் முதல்வன்’ நல்ல திட்டம்தான். அதுக்காக, இனிஷியலை அது வந்து திருத்தாது. ஜனவரியிலேயே யாராவது அந்த மூணு காகிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்திருந்தா போதும்.

சில்வர்பீச்:
அக்கா, அதுக்கு ஒரு நாள் போதும். ஆறு நாள் எதுக்கு? நான் பீஸ்னு சொன்னதைக் கண்டுக்கவே மாட்டேங்கிறீங்க.

கெடிலக்கரையான்:
கண்டுக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. கல்லூரி போகும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண், பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். பணம் இருக்கிறது. அதன் வாசலை எப்படித் தட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

சில்வர்பீச்:
7.5-ல இடம் கிடைச்சவனுக்கு சரி. கிடைக்காதவன்? முதல் மாச பஸ் காசு, செருப்பு, ரெண்டு சட்டை? அதுக்கு எந்தத் திட்டம் சார்? அப்புறம் உங்க சனிக்கிழமைக்கு யார் வருவாங்கன்னு நெனைக்கிறீங்க? பரீட்சை முடிஞ்ச மறுநாளே பாதிப் பேர் ஜவுளிக்கடைக்கும் பெயின்ட் வேலைக்கும் போயிடுவான். பண்ருட்டிப் பக்கம்னா முந்திரி. நீங்க யாருக்காகச் சொல்றீங்களோ அவன் அன்னைக்கு வேலையில இருப்பான். வசதியான வீட்டுப் பையன்தான் வந்து உக்காருவான்.

கெடிலக்கரையான்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. நானே பிளஸ் டூ லீவில் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தவன்தான், எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

சிப்காட் ஃபிட்டர்:
அப்ப ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வைங்க. அவ்ளோதானே.

நான் ஐடிஐ. ஃபிட்டர் ரெண்டு வருஷம், வெல்டர் ஒரு வருஷம். ரெண்டு வருஷக் கோர்ஸ் முடிச்சா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம். இது தெரியாமலே பத்தாவதோட நின்னவன் எத்தனை பேர்! எங்க லைன்ல ஒரு தம்பி, பத்தொம்பது வயசு, கான்ட்ராக்ட் ஆளு. கை விரல் நசுங்கிருச்சு. பயந்துபோய் யார்கிட்டயும் சொல்லாம, நேரா பிரைவேட்ல போய் தையல் போட்டு, வட்டிக்கு வாங்கின காசைக் கட்டிட்டு வந்தான். அவன் சம்பளச் சீட்டை வாங்கிப் பாத்தேன். மாசாமாசம் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ., அதான் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு, பிடிச்சிருக்கு. ‘அது என்னமோ பிடிப்பாங்க அண்ணே’ங்கிறான். காசு கட்டிக்கிட்டே இருந்திருக்கான், ஆஸ்பத்திரி இருக்கறது தெரியல. பி.எஃப். 12 சதவீதம் போறதும் தெரியாது, அதே அளவு முதலாளியும் போடணும்னு தெரியாது. இதை எந்த மேடையில சார் பேசுறான்?

புதுவைக்காரி:
அண்ணா, இதையே வந்து சொல்லுங்க. பேச்சாளர் எதுக்கு?

சில்வர்பீச்:
ஞாயிறு சாயங்காலம்னா ஒத்துக்குறேன். ஆனா வகுப்பறை ஸ்கூலோடது, சொல்லித்தர்றது நீங்க. ஜெராக்ஸ், டீ, பிஸ்கட் எல்லாம் சேர்த்தாலும் 10,000 தாண்டாது. மீதி 50,000-ஐ பஸ் காசுக்கும் சட்டைக்கும் ஒதுக்குங்க. அதை எழுத்துல போட்டாத்தான் நான் வருவேன். சோறு கிளாஸுக்கு மட்டும் கூப்பிடாதீங்க, எனக்கே தெரியாது.

இசேவை அக்கா:
பத்தாவது மார்க் ஷீட், ஆதார், பாஸ்புக் மூணும் முதல் வாரமே கொண்டாரச் சொல்லுங்க. நான் வர்றேன்.

சிப்காட் ஃபிட்டர்:
அந்தத் தம்பியோட சம்பளச் சீட்டு ஜெராக்ஸ் என்கிட்ட இருக்கு. பேரை அழிச்சிட்டுக் கொண்டாரேன். எத்தனை காப்பி போடணும்?