முயல் வேட்டையில் ரவை தெறிப்பு: எந்தத் தரை, எந்தக் கோணம் ஆபத்து?

துக்ளகாபாத்_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். டெல்லி துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் ட்ராப் (பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடும் போட்டி) சுடுகிறேன். 12 போர் ஷாட்கன், 24 கிராம் ரவை (சின்னக் குண்டுகள்) உள்ள தோட்டா. நவம்பரில் இங்கிலாந்து, யார்க்‌ஷயர் போகிறேன். அங்கே மாமா பக்கத்துப் பண்ணையில் முயல் தொல்லைக்காக அனுமதியோடு சுடுகிறார், என்னையும் கூப்பிட்டிருக்கிறார். இடம் முழுக்கக் கருங்கல் அடுக்கிய மாதிரி கல் சுவர்கள், சுண்ணாம்புப் பாறை, நடுவில் ஒரு குட்டை. எனக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டுத்தான் பழக்கம். தரையில் ஓடுவதைச் சுட்டால் ரவை தெறித்து எங்கே போகும்? ஈயமா, ஸ்டீலா? மைனஸ் பவர் கண்ணாடி போடுகிறேன், கண்ணுக்கு அதுவே போதுமா?

எட்டாம்_நிலையம்

தம்பி, முதலில் ஒன்று. இதைப் படிக்கிற யாரும் ஹரியானா, ராஜஸ்தான் பக்கம் முயற்சி பண்ண வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயல், கௌதாரி வேட்டையும் குற்றம்தான். அங்கே மாமாவின் துப்பாக்கியை வாங்கிச் சுடுவதானால், துப்பாக்கிச் சான்றிதழ் உள்ள அவர் உங்கள் கூடவே இருக்க வேண்டும். நிலத்துக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி கணக்கு. ட்ராப்பில் ரவை மேலே போய், வேகமெல்லாம் இழந்து, காலியாக விட்டிருக்கும் இடத்தில் விழுகிறது. முயலுக்குச் சுடும்போது தோளிலிருந்து தரைக்குச் சுமார் 1.4 மீட்டர்தான். 30 மீட்டரில் இருக்கும் முயலைச் சுட்டால் ரவை தரையைத் தொடும் கோணம் 3 டிகிரிகூட இல்லை. ஹாஃப் சோக்கில் (சோக் என்பது ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தக் குழல் முனையில் இருக்கும் குறுக்கம்) அந்தத் தூரத்தில் ரவைக் கூட்டம் 80 செ.மீ. அகலம் என்று வையுங்கள். கூட்டத்தின் கீழ் விளிம்பு 23 மீட்டரிலேயே மண்ணைத் தொட்டுவிடும், மேல் விளிம்பு 42 மீட்டரில்தான் தொடும். அதாவது நீங்கள் ஒரு முயலைச் சுடவில்லை, கிட்டத்தட்ட 19 மீட்டர் நீளத்துக்குத் தரையைப் பெருக்குகிறீர்கள். தோட்டாவில் இருநூறு ரவைக்கு மேல் இருக்கும். முயலில் படுவது சில, மீதி அத்தனையும் தரைக்குத்தான்.

3 டிகிரியில் கெட்டித் தரையைத் தொட்ட ரவை புதையாது, சறுக்கி எழும்பும். 2.6 மி.மீ. ஈய ரவை அதிகபட்சம் 200 மீட்டரைத் தாண்டும். தெறித்தது வேகம் குறைந்துதான் போகும், ஆனால் எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் முயலுக்குப் பின்னால் மட்டுமல்ல, இரண்டு பக்கமும் விசிறி மாதிரி விரித்துப் பார்த்து, அந்த இடம் காலி என்றால் மட்டும் சுடுங்கள்.

இதற்கு நல்ல வழி இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான். எதிரே ஏறிப்போகும் மண் சரிவு இருக்கிற மாதிரி நில்லுங்கள். 30 டிகிரி சரிவில் பட்டால் ரவை உள்ளே போய்விடும். மேட்டு விளிம்பில் வானத்தை முதுகாக வைத்து உட்கார்ந்திருக்கும் முயலைத் தொடவே கூடாது. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

மயூர்விஹார்_மாமி

அவர் சொன்ன கோணத்தோடு பரப்பையும் சேர்த்துப் பாருப்பா.

குட்டை: தண்ணீர்தானே, மெத்து மெத்தென்று வாங்கிக்கொள்ளும் என்று நினைக்காதே. உருண்டையான பொருள் தண்ணீரில் எந்தக் கோணத்துக்குக் கீழே பட்டால் தாவும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. 18 டிகிரியை அந்தப் பொருளின் ஒப்படர்த்தியின் (தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பதன்) வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். ஈயத்துக்கு 5 டிகிரி சொச்சம், ஸ்டீலுக்கு 6 சொச்சம். கரையில் நின்று 20 மீட்டருக்கு அப்பால் தண்ணீரில் சுட்டால் கோணம் 4 டிகிரிதான், ரவை கண்டிப்பாகத் தாவி எதிர்க்கரைக்குப் போகும். எதிர்க்கரையில் மாமா நிற்கக் கூடாது.

கல் சுவர்: நேராகப் பட்டால் ஈயம் தட்டையாகிச் சிதறிவிடும். ஆனாலும் பத்து மீட்டருக்குள் என்றால் துணுக்குகள் உன் முகத்துக்கே வரும். இதைவிட மோசம், சாய்வாகப் படுவது. கெட்டிச் சுவரில் சாய்வாகப் பட்ட ரவை வந்த கோணத்தைவிடக் குறைந்த கோணத்தில் கிளம்பும், சுவரை ஒட்டியே ஓடும். சுவரோரம் மறைவாக நிற்பவருக்குத்தான் அது பாயும். ஒரு மீட்டராவது தள்ளி நில், கூட வருபவரையும் தள்ளி நிற்கச் சொல்.

நவம்பர் காலையில் அங்கே தரையில் உறைபனி இருக்கலாம். உறைந்த மண்ணும் கல் மாதிரிதான். குதிகாலால் அழுத்திப் பார், பள்ளம் விழாவிட்டால் பனி இளகும் வரை தட்டையான இடத்தில் சுடாதே. உழுத மண் நல்லது, ஆனால் மேலே கிடக்கும் கற்களைக் கவனி. மரத்தண்டு உருண்டையாக இருப்பதால் பக்கவாட்டில் விசிறியடிக்கும்.

இந்த இடத்துக்கு ஸ்டீல் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. ஈயம் நசுங்குவதில் சக்தியை விட்டுவிடும், ஸ்டீல் நசுங்காது, அப்படியே திரும்பும். இங்கிலாந்தில் வாத்து வகைகளுக்கும் சில ஈரநிலங்களிலும் 1999 முதல் ஈயத்துக்குத் தடை உண்டு, எனவே பண்ணையில் என்ன விதி என்று கேட்டுக்கொள். ஈயம் கூடாதென்றால் பிஸ்மத் என்ற உலோக ரவை வாங்கு. அடர்த்தி 9.6தான், ஆனால் கல்லில் பட்டால் உடைந்து போகும். விலைதான் கொஞ்சம் கூட. வேறு வழியில்லாமல் ஸ்டீல் போட்டால், ஈயத்தில் எடுப்பதைவிட இரண்டு அளவு பெரிய ரவையாக எடு, சோக் ஹாஃபுக்கு மேல் இறுக்கமாக இருக்கக் கூடாது, துப்பாக்கி ஸ்டீலுக்கு ஏற்றதா என்று குழலில் உள்ள முத்திரையைப் பார்.

துக்ளகாபாத்_தம்பி

ரொம்ப நன்றி மாமி, நன்றி சார். இரண்டு பேர் சேர்ந்து நடக்கும்போது எப்படி நிற்பது? மாமாவிடம் ஒரு நாயும் இருக்கிறது.

எட்டாம்_நிலையம்

ஒரே வரிசையில், 15–20 மீட்டர் இடைவெளியில் நடங்கள். ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் போனவர் அடுத்தவரின் விசிறிக்குள் வந்துவிடுவார். இருவருக்கும் நடுவே முயல் ஓடினால் சுடக் கூடாது. அது வரிசையைத் தாண்டிப் பின்னால் போன பிறகு, குழலை வானத்துக்குத் தூக்கித் திரும்பி, பிறகுதான் தோளில் வைக்க வேண்டும். தோளில் வைத்தபடியே ஓடும் முயலோடு சுழலக் கூடாது. ட்ராப் பழக்கத்தில் கை தானாகச் சுழலும், அங்கேதான் உங்களுக்குக் கவனம் வேண்டும். நாய் துரத்திக்கொண்டிருந்தால் அந்த முயலை விட்டுவிடுங்கள். 35 மீட்டருக்கு அப்பால் சுடாதீர்கள். சுவர் ஏறும் முன் துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை எடுத்துவிடுங்கள். இருவரும் ஆரஞ்சுத் தொப்பி போடுங்கள், முயலுக்கு அது பளிச்சென்று தெரியாது.

ஆர்கேபுரம்_டாக்டர்

கண்ணாடி பற்றி யாரும் சொல்லவில்லை. சாதாரணப் பவர் கண்ணாடி போதாது. பாலிகார்பனேட், பக்கவாட்டையும் மூடும் வடிவம், ஏஎன்எஸ்ஐ ஸெட்87 பிளஸ் (ANSI Z87+, அமெரிக்கக் கண் பாதுகாப்புத் தரம்) முத்திரை மூன்றும் வேண்டும். அந்தச் சோதனையில் 6.35 மி.மீ. எஃகுக் குண்டை நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் லென்ஸில் அடிப்பார்கள். தெறித்து வரும் ரவைக்குத்தான் அது அரண், கிட்டத்திலிருந்து நேராக வரும் சூட்டுக்கு இல்லை. பவரை உள்ளே செருகும் வகை கிடைக்கிறது, அல்லது காண்டாக்ட் லென்ஸ் போட்டு மேலே இதை மாட்டுங்கள். கூட வருகிறவருக்கும் ஒன்று.

கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள், மருந்து விடாதீர்கள், எதையும் பிடுங்காதீர்கள். காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தைக் கண்ணைத் தொடாமல் கவிழ்த்து, நெற்றியிலும் கன்னத்திலும் டேப் ஒட்டி, சாப்பிட எதுவும் கொடுக்காமல் உடனே கண் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். ரவை ஈயமா ஸ்டீலா என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஸ்டீல் காந்தத்துக்கு இழுபடும், கண்ணுக்குள் ஸ்டீல் இருக்கையில் எம்ஆர்ஐ எடுத்தால் அது நகர்ந்து பார்வையையே பறித்துவிடும். எக்ஸ்ரே, சிடி ஸ்கேன்தான் எடுக்க வேண்டும். தோட்டா டப்பாவின் லேபிளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மாமா போனிலும் ஒன்று இருக்கட்டும்.