மீள்ஜல்லியா, மறுசுழற்சித் திரளையா?

அனைவருக்கும் வணக்கம்.

இடித்த காங்கிரீட்டை உடைத்து, கம்பியைப் பிரித்து, சலித்து எடுக்கிற கல்லுக்கு 'மறுசுழற்சி செய்யப்பட்ட கற்காரைத் திரளை' என்று தமிழ்ப் பெயர் வைக்கலாம் என ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. பொருளில் பிசகில்லை. ஆனால் தஞ்சாவூரில் எந்தக் கொத்தனாரும் 'ஒரு யூனிட் திரளை இறக்கு' என்று சொல்லப்போவதில்லை. அவருக்கு அது முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி. அதனால் மீள்ஜல்லி என்கிறேன். மீள்பார்வை மாதிரி வினைத்தொகை. புணர்ச்சித் தொல்லை இல்லை. கிரந்தம் ஆகாதவர்கள் மீள்சல்லி என்று எழுதிக்கொள்ளட்டும், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

நம் பக்கத்துக்கு இந்தச் சொல் அவசரமாகவே வேண்டும். வண்டல் பூமியில் கல் ஏது? திருவாரூரில் தளம் போட ஜல்லி, புதுக்கோட்டைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து லாரி ஏறி வருகிறது. அதே தெருவில் இடித்த வீட்டின் காங்கிரீட், 'ரப்பீஸ்' என்ற பெயரில் பள்ளம் தூர்க்கப் போகிறது, இல்லையென்றால் வாய்க்கால் கரையில் கிடக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து

---

ஐயா, வணக்கம்.

'மீள்ஜல்லி' வாயில் நன்றாக வருகிறது. ஒரே ஒரு தடை. கும்பகோணத்துப் பழைய வீடுகளில் மொட்டை மாடிக்கு ஜல்லி என்றால் செங்கல் ஜல்லி; சுண்ணாம்போடு கலந்து கட்டையால் அடித்துப் போட்டது. நாளைக்கு உடைந்த செங்கல், ஓடு, டைல்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து ஒருவர் 'மீள்ஜல்லி' என்று விற்றால் என்ன செய்வது?

இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 383 (2016) இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. காங்கிரீட்டை மட்டும் உடைத்த கல்லைக் கம்பியில்லாத காங்கிரீட்டில் மொத்த ஜல்லியில் 25 விழுக்காடு வரையும், கம்பி கட்டிய காங்கிரீட்டில் எம்25 என்ற வலுத் தரம் வரை 20 விழுக்காடும் சேர்க்கலாம். செங்கல் கலந்ததற்கு வலுக் குறைந்த அடித்தளக் கலவை மட்டுமே. ஒரே பெயரில் இரண்டும் நடமாடினால் தூணில் செங்கல் போய் உட்காரும்.

கும்பகோணத்திலிருந்து

---

நல்ல தடை, ஏற்கிறேன். அப்படியானால் முன்னொட்டுக் கட்டாயம்: காங்கிரீட் மீள்ஜல்லி, கலப்பு மீள்ஜல்லி. 'கற்காரை' பாடநூலில் இருக்கட்டும். லாரிச் சீட்டில் காங்கிரீட் என்றே இருக்கட்டும்.

இன்னொரு சொல்லும் கூடவே வேண்டும். உடைத்த கல்லின் மேல் பழைய சிமெண்ட் சாந்து விடாமல் ஒட்டியிருக்கும். குவாரிக் கருங்கல் தண்ணீரைக் கிட்டத்தட்டக் குடிப்பதே இல்லை. இதுவோ நுண்துளை நிறைந்த அந்தச் சாந்தால் கலவைத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கலவை இறுகிப் போகும், வேலையாள் கூடத் தண்ணீர் ஊற்றுவார், வலு குறையும். முன்கூட்டியே நனைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். கல்லை விடாத அந்தப் பழைய சாந்துக்கு 'ஒட்டுச்சாந்து' என்கிறேன். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து நண்பர்களுக்கு இந்தச் சொல் இன்னும் முக்கியம். கடலோரக் கட்டடத்தில் உப்பு ஏறியிருப்பது இந்தச் சாந்தில்தான். அதை மறுபடி கம்பியோடு சேர்த்தால் துருவை நாமே அழைத்த கதை. உப்புச் சோதனை செய்யாமல் கம்பி வேலைக்கு எடுக்கவே கூடாது.

4.75 மி.மீ. சல்லடைக்குக் கீழே விழுவதற்குத்தான் இன்னும் பெயர் இல்லை. 'மீள்மணல்' என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். கொள்ளிடத்து மணலுக்கு ஆள் அலைகிற ஊரில் அந்தப் பெயரை வைத்தே விலையை ஏற்றிவிடுவார்கள். 'காங்கிரீட் பொடி' போதுமா? கிரஷரில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து