வெள்ளைச்சாமியை உடைத்த ஒரு வரி: ஏஐ நிரல் கருவிகளோடு உங்கள் அனுபவம் என்ன?

பழைய கீபோர்டு:

2021-இல் கோபைலட் என்ற ஏஐ நிரல் கருவி முன்னோட்டமாக வந்தபோது எங்கள் ஆபீஸில் அதை வேடிக்கை பார்த்தோம். இன்று என் டீமில் அந்த மாதிரிக் கருவி இல்லாமல் யாரும் வேலையைத் தொடங்குவதில்லை, நான் உட்பட. நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் வேண்டாம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

ஒரு கூட்டுறவு அமைப்பின் உறுப்பினர் பட்டியல். ஏறக்குறைய 40,000 பெயர்கள், எல்லாம் தமிழில். கவுண்டரில் 'கௌரி' என்று தேடினால் பாதிக் கௌரிகள் வருவதில்லை என்று புகார். கருவியிடம் கொடுத்தேன். யூனிகோட் நார்மலைசேஷன் செய்யச் சொன்னது. யூனிகோட் என்பது ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் கம்ப்யூட்டருக்காகத் தனிக் குறியீடு தரும் முறை. 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். நார்மலைசேஷன் அவற்றை ஒன்றாக்கிவிடும். தப்பே இல்லாத யோசனை. ஆனால் கௌரி மட்டும் அசையவில்லை.

காரணம் இதுதான்: கௌரி, கெளரி. நான் இங்கே இரண்டு விதமாக அடித்திருக்கிறேன். முதலாவதில் ஔகாரக் குறி. இரண்டாவதில் கொம்பும் 'ள' என்ற எழுத்தும். பல ஃபாண்ட்களில் வித்தியாசமே தெரியாது. யூனிகோடுக்கு இவை வேறு வேறு சொற்கள், நார்மலைசேஷன் தொடாது.

மறுபடி கேட்டேன். 'ெள' எங்கே வந்தாலும் 'ௌ' என்று மாற்று என ஒரே வரி எழுதிக் கொடுத்தது. கூடவே அந்த வரி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்களும்: கௌரி, சௌந்தர்யா, மௌனிகா. எல்லாம் பச்சை, அதாவது பாஸ். கேள்வித்தாள் தயாரித்ததும் அதுவே, பரீட்சை எழுதியதும் அதுவே என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேறு. ஏற்றிவிட்டேன்.

திங்கட்கிழமை வெள்ளைச்சாமி என்ற உறுப்பினரின் ரசீதில் பெயர் உடைந்து, நடுவில் புள்ளிவட்டம். 'வெள்' என்பதில் இருக்கும் கொம்பையும் ள-வையும் ஔகாரமாக்கி, மிச்சமிருந்த புள்ளியை அந்தரத்தில் தொங்கவிட்டிருந்தது அந்த வரி. வெள்ளையம்மாள், வெள்ளியங்கிரி, தெளிவு... நம் மொழியில் 'ெள' எத்தனை இடத்தில் வருகிறது!

எங்கள் டீமில் 58 வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார். டிடிபி காலத்தில் அச்சகத்தில் இருந்து, பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தவர். திரையைப் பார்த்ததும் சிரித்தார். "டைப்ரைட்டர்ல ஔகாரத்துக்குன்னு தனிச் சாவி ஏது தம்பி? ள-வைத்தான் அடிப்போம். அந்தப் பழக்கத்துல அடிச்ச பேரெல்லாம் இப்படித்தான் இருக்கும்." பிறகு இரண்டே விஷயம் சொன்னார். ள-வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் கை வைக்காதே. மாற்றிய வடிவத்தைத் தேடலுக்கு மட்டும் தனியாக வை, ஆளின் உண்மையான பெயரைத் திருத்தாதே. இதைக் கருவியிடம் சொன்னதும் ஐந்து நிமிடத்தில் அழகாக எழுதிக் கொடுத்துவிட்டது. அதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் வருடம்:

அண்ணா, நான் 2024-இல் ஃப்ரெஷராகச் சேர்ந்தேன். கருவி இல்லாத ஆபீஸை நான் பார்த்ததே இல்லை. பணம் கட்டும் பகுதியில் ஒரு வேலை கொடுத்தார்கள். பதில் வரத் தாமதமானால் மூன்று தடவை திரும்ப முயற்சி செய் என்று கருவி எழுதியது, நானும் அனுப்பிவிட்டேன். நிரலை இன்னொருவர் படித்துப் பார்க்கும் ரிவ்யூவில், சீனியர் அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்: "முதல் தடவையே பணம் எடுத்துட்டாங்க, பதில் மட்டும் லேட்டா வருதுன்னா?" ஒருவரிடமே பல தடவை பணம் பிடித்திருப்போம். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, திரும்ப முயலும்போதும் அதே எண்ணை அனுப்ப வேண்டும், அப்போதுதான் இது பழைய பரிவர்த்தனைதான் என்று தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

எனக்குப் பயம் என்னவென்றால், அக்கா இதைத் தெரிந்துகொண்டது ஒரு நடுராத்திரி புரொடக்ஷனில், அதாவது மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் நிரலில், வந்த கோளாறில் மாட்டிக்கொண்டு. எனக்கு அந்த ராத்திரி வரவே போவதில்லையோ? வந்தாலும் நிரல் எழுதி வைக்கும் பதிவான லாகை அப்படியே கருவியில்தானே ஒட்டுவேன்?

ஸ்டாப்வாட்ச்:

வேகம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மீட்டர் (METR) என்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் ஒரு சோதனையை வெளியிட்டது. தங்கள் திறமூலத் (நிரலை யாரும் பார்க்கலாம், பயன்படுத்தலாம்) திட்டங்களில் பல வருடம் ஊறிய 16 டெவலப்பர்கள், 246 வேலைகள். ஏஐ அனுமதித்த வேலைகளுக்கு 19 சதவீதம் அதிக நேரம் பிடித்தது. ஆனால் அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நினைத்திருந்தார்கள். அந்த வருடத் தொடக்கத்துக் கருவிகள் அவை, அதுவும் ஏற்கெனவே தலைகீழாகத் தெரிந்த நிரல், அதனால் எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். படித்துவிட்டு நானும் ஒரு வாரம் நேரம் குறித்தேன். புதிதாக ஒரு ஸ்க்ரிப்ட் எழுத வேண்டும் என்றால் பாதி நேரம் மிச்சம். எட்டு வருடமாக நானே பார்த்துக்கொள்ளும் மாட்யூலில் கருவிக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் நானே எழுதியிருப்பேன்.

நூல் கடை:

நான் ஐடி ஆள் இல்லை, திருப்பூரில் நூல் வியாபாரம். உங்கள் சண்டை எனக்குப் புரியாது, ஆனால் ஒரே சாயங்காலத்தில் ஏஐயிடம் கேட்டுக் கேட்டு ஒரு பைத்தான் நிரல் செய்துகொண்டேன். சப்ளையர்கள் அனுப்பும் எக்செல் எல்லாம் கூட்டி ஒரே பக்கத்தில் தருகிறது. இதற்கு முன்னால் கணக்குப் பையனுக்கு இரண்டு நாள் வேலை அது.

நடுவில் ஒரு சப்ளையர் கட்டங்களின் வரிசையை மாற்றிவிட்டார். நிரல் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கிலோவை ரூபாயாக எடுத்துக் கூட்டிக்கொண்டிருந்தது. மூன்று வாரம். மாதக் கணக்கைப் பார்த்ததும், 'இந்தக் காசுக்கு எவன் நூல் கொடுப்பான்?' என்று தோன்றியது, அப்படித்தான் பிடித்தேன். இன்னமும் அதையேதான் பயன்படுத்துகிறேன். தலைப்பைச் சரிபார்த்துவிட்டுக் கூட்டு என்று சேர்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

பழைய கீபோர்டு:

நூல் கடைக்காரரே, கிலோவை ரூபாயாகக் கூட்டியதை எங்கள் டீம் குரூப்பில் போட்டுவிட்டேன், மன்னிக்கவும்.

இரண்டாம் வருடம், உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். அந்த டிடிபிக்காரர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். தினமும் மதியம் அரை மணி நேரம் ஃப்ரெஷர்கள் இருவரை அவர் பக்கத்தில் உட்கார வைக்கிறேன். அவர் வாயால் சொல்லும் பெயர்களை டெஸ்ட்டாக எழுதுகிறார்கள். நேற்று 'கெளுத்தி' என்றார். மீன் பெயரை எந்த மனுஷனுக்கு வைப்பார்கள் என்று பையன் கேட்டான். அவர் ஊரில் ஒரு வீட்டுக்கே அதுதான் பட்டப்பெயராம், ரேஷன் கார்டிலும் அப்படியே ஏறிவிட்டதாம். சரி என்று சேர்த்துக்கொண்டார்கள்.