ரிசப்ஷன் கோட்டு: ஃபுல் கேன்வாஸா, ஃப்யூசிங் போதுமா?

மாம்பலம்வாசி
தம்பிக்கு ரிசப்ஷன், சென்னையில். இன்னும் ஏழு வாரம் இருக்கு. மார்பு 40, வயிறும் 40, வலது தோள் முக்கால் இஞ்ச் இறக்கம். ரெடிமேடில் மார்புக்குச் சரியா இருக்கிற கோட்டுக்கு வயிற்றில் பட்டன் போட முடியலை. வயிற்றுக்கு எடுத்தா தோள் தொங்குது. அதனால தைச்சுடலாம்னு முடிவு. ஒரு டெய்லர் ஃபுல் கேன்வாஸ் (கோட்டு விறைப்பா நிக்க முன்பக்கம் முழுக்க உள்ளே நூலால் தைக்கிற துணி), மூணு ட்ரையல், ஆறு வாரம்ங்கிறார். ஒரு ஷோரூம்ல மேட்-டு-மெஷர் (அவங்க ரெடி வடிவத்தை நம்ம அளவுக்கு மாத்தித் தைக்கிறது), ஃப்யூசிங் (உள்துணியைச் சூட்டில் பசையால ஒட்டுறது), ஒரே ட்ரையல், மூணு வாரம். விலை டெய்லர் சொன்னதில் பாதி. துணி சூப்பர் 150 எடுக்கச் சொல்றாங்க. எதுக்குப் போகலாம்?

கத்தரிக்கோல்
ஃபுல் கேன்வாஸ்தான் தம்பி. ரெடிமேடு 40 சைஸ் கோட்டை, மார்பை விட இடுப்பு 6 இஞ்ச் குறைவுன்னு வெச்சுத்தான் வெட்டுவாங்க. உங்க தம்பிக்கு அந்த வித்தியாசமே இல்லை. அந்த உடம்புக்கு முன்பக்கத்தைச் செதுக்கித்தான் எடுக்கணும்.

கேன்வாஸ்னா ஒரே துணின்னு நினைக்காதீங்க. தோள்லேருந்து கீழ் விளிம்பு வரைக்கும் ஒரு பாடி கேன்வாஸ். அதுக்கு மேல மார்புல மட்டும் ஹேர் கேன்வாஸ்: பாவு பருத்தி, ஊடை குதிரைவால் முடி. ஊடை அகலவாட்டில் ஓடுறதால மார்பு அமுங்கினாலும் திரும்ப எழும்பி நிக்கும். நீளவாட்டில் துணியோட சேர்ந்து விழும். முடி குத்தாம இருக்க அதுக்கு மேல ஒரு ஃபெல்ட். இதையெல்லாம் துணியோட சேர்க்கிறது நூல் மட்டும்தான், பசை கிடையாது. லேப்பல்ல (மார்புல மடிஞ்சு விழற காலர் பட்டை) பேடிங் தையல், அதாவது கேன்வாஸைத் துணியோட பிடிக்கிற சின்னச் சின்னத் தையல் போடும்போது துணியை விரல்மேல வளைச்சுப் பிடிச்சுக்கிட்டே போடணும். ஊசி வெளித்துணியில ஒண்ணு ரெண்டு இழையை மட்டும் தொடும். அந்த வளைவு அப்படியே தங்கிடும். லேப்பல் பட்டன்கிட்ட உருண்டு எழும்புறது அதனாலதான். ஒட்டின கோட்டுல அந்த இடத்தை இஸ்திரிப் பெட்டிதான் மடிச்சுவிட்டிருக்கும். தட்டையா, அட்டை மாதிரி இருக்கும்.

சென்னைக்காரங்க இன்னொண்ணும் பார்க்கணும். கம்பளி தன் எடையில ஏறக்குறைய 30 விழுக்காடு வரைக்கும் ஈரத்தை உறிஞ்சும், தொட்டா ஈரம்னே தெரியாது. உறிஞ்சினா துணி கொஞ்சம் விரியும், ஏசிக்குள்ள போனா சுருங்கும். பின்னாடி ஒட்டியிருக்கிற பாலியெஸ்டர் ஃப்யூசிங் அப்படி விரியாது. இழுபறி பசைமேலதான் விழும். ஒரு நாள் மார்புல குமிழ் குமிழா எழும்பும். அதுக்கப்புறம் அந்தக் கோட்டைச் சரிபண்ண முடியாது.

லைன்இன்சார்ஜ்
மாஸ்டர் சொன்ன இயக்கம் சரி. அதிலிருந்து "ஒட்டினதெல்லாம் குமிழும்" என்று போவதைத்தான் ஏற்க முடியவில்லை. குமிழ் எழுவது பெரும்பாலும் ஒட்டும்போது நடந்த தவறால். பசை உருகும் அடுக்கில் சுமார் 130 டிகிரி செல்சியஸ், 12 முதல் 15 விநாடி, முழுப் பரப்பிலும் ஒரே அழுத்தம்: இந்த மூன்றும் சேர்ந்து அமைய வேண்டும். தொழிற்சாலையில் பெல்ட் பிரெஸ் இதைச் செய்கிறது. ஒட்டி எடுத்த துணியை ஆறவிட்டு, ஒரு துண்டை உரித்து, பசையின் பிடிப்பையும் சோதிப்பார்கள். தெருமுனைக் கடையில் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டுகிறார்கள். பெட்டியின் ஓரம் பட்ட இடத்தில் ஒரு சூடு, நடுவில் இன்னொரு சூடு. குமிழ் வருவது அங்கேதான்.

பசையிலும் வகை உண்டு. பாலிஅமைடு பசை ட்ரை கிளீனிங் கரைப்பானைத் தாங்கும். மலிவான பாலிஎத்திலீன் பசை சட்டைக் காலருக்கு ஆகும். கோட்டில் போட்டால் சில ட்ரை கிளீனிங்கிலேயே விட்டுவிடும்.

கேன்வாஸ் கோட்டு எப்படிக் கெடும் என்பதையும் சொல்ல வேண்டும். கேன்வாஸைத் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, சுருக்கி எடுத்த பிறகே வெட்ட வேண்டும். அவசரத்தில் அந்தப் படியை விட்டுவிட்டால், கோட்டு முடிந்து ஸ்டீம் அடிக்கும்போது உள்ளே கேன்வாஸ் சுருங்கி, முன்பக்க விளிம்பு மேலே இழுத்துக்கொள்ளும். அரைகுறைக் கேன்வாஸை விட ஒழுங்கான ஃப்யூசிங் எவ்வளவோ மேல்.

இன்னொரு உண்மை: "ஃபுல் கேன்வாஸ்" என்று விலை சொல்லும் பலர் வெளித்துணியில் முதலில் ஃப்யூசிங்கை ஒட்டிவிட்டு, அதன் மேல் கேன்வாஸை வைக்கிறார்கள். வாங்குபவருக்குத் தெரியாது. பெயரை நம்பி எந்தப் பயனும் இல்லை. 2008-ல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையமே, பெரும்பகுதி இயந்திரத்தில் தைத்த சூட்டையும் "பிஸ்போக்" (ஒருவருக்கென்றே வெட்டித் தைத்தது) என்று விளம்பரம் செய்யலாம் என்று முடிவு சொன்னது. அது, டெய்லர்களுக்குப் பேர்போன லண்டன் தெரு சேவில் ரோ இருக்கும் நாட்டில்.

மாம்பலம்வாசி
அப்போ உள்ள என்ன இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? துணியைக் கிள்ளிப் பார்த்தால் தெரியும்ங்கிறாங்களே?

கத்தரிக்கோல்
கடைசி பட்டன் காஜாவுக்குக் கீழே வெளித்துணியை ஒரு விரலாலும், உள்பக்கத்தை ஒரு விரலாலும் கிள்ளிப் பிரிங்க. நடுவுல மூணாவதா ஒரு அடுக்கு தனியா நழுவினா கேன்வாஸ். முதல்ல கைப்பகுதியில கிள்ளிப் பாருங்க, அங்க ஃப்யூசிங் இருக்காது. அந்த மென்மையோட முன்பக்கத்தை ஒப்பிட்டா வித்தியாசம் புரியும்.

லைன்இன்சார்ஜ்
நான் சொன்ன ஒட்டி-மேல்-வைத்த கோட்டில் அந்தச் சோதனை ஏமாற்றும். கேன்வாஸ் தனியாகத்தான் நழுவும், ஆனால் வெளித்துணி ஒட்டப்பட்டிருக்கும். நம்பகமான வழி ஒன்றுதான்: லைனிங் மூடுவதற்கு முன் ஒரு ட்ரையல் கேளுங்கள். அப்போது முன்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம். துணியின் பின்பக்கம் நேரடியாகத் தெரிகிறதா, வெள்ளையாக எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். மறுக்கிற கடைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

கத்தரிக்கோல்
இதுல எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

துணிமூட்டை
ரெண்டு பேரும் உள்ளே இருக்கிறதைப் பத்தியே பேசறீங்க, வெளித்துணி பத்தி நான் சொல்றேன். சூப்பர் 150 வேண்டாம்.

அந்த எண் கம்பளி இழையோட மென்மையை மட்டும் குறிக்கும். சூப்பர் 100-ன்னா இழை அதிகபட்சம் 18.75 மைக்ரான், 120-ன்னா 17.75, 150-ன்னா 16.25. இழை மெலிஞ்சா துணி வழவழன்னு இருக்கும், ஆனா வேர்வை ஊருக்குச் சீக்கிரம் கசங்கும். பேன்ட்ல தொடை உராயற இடம்தான் முதல்ல தேயும். வயிறு, தொடை பெருத்தவங்களுக்கு அது இன்னும் வேகமா நடக்கும். சூப்பர் 100 அல்லது 110, பிளெயின் நெசவு, முறுக்கு அதிகமான நூல், முழு அகலத்தோட ஒரு மீட்டர் நீளத்துக்கு 240-லேருந்து 270 கிராம். இதுதான் நம்ம ஊருக்கு. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா நெசவு இடைவெளி தெரியணும், காத்து போகும். 200 கிராமுக்குக் கீழே போனா கோட்டு விழாது, ஒவ்வொரு தையலும் சுருக்கம் காட்டும்.

துணியோட ஓரக்கரையைப் படிங்க. "சூப்பர்" எண்ணைத் தூய கம்பளிக்குத்தான் போடணும்னு சர்வதேசக் கம்பளி அமைப்போட விதி இருக்கு. டெரி-வூல் (பாலியெஸ்டர் கலந்த கம்பளி) கரையிலயும் அந்த எண்ணை அச்சடிச்சு விக்கிறாங்க. சந்தேகமா இருந்தா நாலு இழையை உருவிக் கொளுத்துங்க. கம்பளின்னா முடி கருகற வாசனை, சாம்பல் விரல்ல பொடியும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி உருண்டையாகும். ரெண்டும் வந்தா கலப்பு. கலப்புத் துணி கேவலம்னு சொல்லமாட்டேன், ஆபீஸ் பேன்ட்டுக்கு நல்லாவே உழைக்கும். ஆனா ரிசப்ஷன் மேடையில ஃபோட்டோ லைட்டுக்குப் பளபளன்னு அடிக்கும், வேர்வையையும் உள்ளேயே வெச்சுக்கும்.

அளவு: 58 இஞ்ச் அகலத்துல கோட்டு, பேன்ட்டுக்கு 3.25 மீட்டர். இந்த உடம்புக்கு 3.5 எடுங்க. கட்டம் போட்ட துணின்னா தையல்ல ரெண்டு பக்கக் கோடும் ஒண்ணு சேரணும், அதுக்கு இன்னொரு கால் மீட்டர். பணம் இருந்தா ரெண்டாவது பேன்ட்டுக்கு 1.25 மீட்டர் இப்பவே அதே தான்ல (துணிச் சுருள்) வெட்டி வாங்கிடுங்க. பின்னால வேற தான்ல எடுத்தா சாயம் ஒரு சிட்டிகை மாறும். பேன்ட்தான் முதல்ல போகும், கோட்டு நிக்கும்.

லைனிங்குக்கு பாலியெஸ்டர் வேண்டாம். குப்ரோ கேளுங்க, கடையில பெம்பர்க்னு சொல்லுவாங்க. பருத்திக் கொட்டையில ஒட்டியிருக்கிற பிசிர்லேருந்து எடுக்கிற இழை அது, வேர்வையை உறிஞ்சும். முதுகுல பாதி லைனிங் போதும்.

லைன்இன்சார்ஜ்
துணி பற்றி முழு உடன்பாடு. இப்போது கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். மணமகன் இந்தக் கோட்டை ரிசப்ஷனில் போடுவார், பிறகு நாலைந்து கல்யாணம். ஃபுல் கேன்வாஸின் பலன் பல வருடம் அடிக்கடி போடும்போதுதான் கிடைக்கிறது. அவருக்கு வேண்டியது தோளும் வயிறும் சரியாக உட்காருவது. அது பேட்டர்ன் (துணியை வெட்டும் வடிவம்) விஷயம், கேன்வாஸ் விஷயம் இல்லை. இன்றைய மேட்-டு-மெஷரில் தோள் இறக்கம், வயிறு, நிமிர்ந்த முதுகு என்று தனித்தனியாக அளவு கொடுத்தால் கணினியே பேட்டர்னைத் திருத்தித் தருகிறது.

கத்தரிக்கோல்
அளவு எடுக்கிற பையனுக்குத் தெரிஞ்சாத்தானே கணினிக்குக் கொடுப்பான்? வயிறு முன்னாடி இருக்கிறவங்க தானா முதுகைப் பின்னாடி சாய்ச்சு நிப்பாங்க. முன்பக்கம் நீளம் கூடணும், பின்பக்கம் குறையணும். டேப்பைச் சுத்தி எடுத்த சுத்தளவுல இது தெரியாது. பக்கவாட்டில நின்னு பார்க்கணும். தப்பினா கோட்டோட முன்விளிம்பு ரெண்டும் கீழே கத்தரி மாதிரி விரியும், பின்னாடி துணி சீட்மேல மடிஞ்சு நிக்கும்.

நான் வெட்டினா பாக்கெட் வாய்க்கோட்டுல ஒரு வெட்டு கொடுத்து, அரை இஞ்ச் துணியை மடக்கி எடுத்துடுவேன். மூடி அதை மறைச்சுடும். துணி வயிற்றைச் சுத்தி வளைஞ்சு கீழே உள்ளே திரும்பும். வலது தோளுக்கு முழு முக்கால் இஞ்சையும் பேட் வெச்சு நிரப்பக் கூடாது, ஒரு பக்கம் மூட்டை மாதிரி தெரியும். பேட்ல கால் இஞ்ச், மீதி அரை இஞ்ச் பேட்டர்னை இறக்கி வெட்டணும். இதெல்லாம் பிரிச்சுடக்கூடிய வெள்ளை நூல் ஓட்டுத் தையல்ல, உடம்புமேல போட்டு, சாக்பீஸ்ல குறிச்சுச் செய்ற வேலை. ஒரே ட்ரையல்ல, அதுவும் முழுசா தைச்சு வந்த கோட்டுல, இதைத் திருத்த இடம் எங்க இருக்கு? இடுப்பைப் பிடிக்கலாம், விடலாம். கை நீளம் மாத்தலாம். தோள் அகலத்தைக் கூட்ட முடியாது. ஒரு தடவை ஆழமா வெட்டின கைக்குழியை மேலே ஏத்த முடியாது. கோட்டு நீளத்தையும் முக்கால் இஞ்சுக்கு மேல குறைக்கக் கூடாது, பாக்கெட் கீழே இறங்கின மாதிரி தெரியும்.

லைன்இன்சார்ஜ்
இந்த உடம்புக்கு ஓட்டுத் தையல் ட்ரையல் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வேறு அளவுச் சிக்கல் ஒரே உடம்பில் சேர்ந்திருக்கிறது, ஒரு ட்ரையல் போதாது. ஆனால் அது டெய்லரிடம் போவதற்கான வாதம். ஃபுல் கேன்வாஸுக்கான வாதம் ஆகாது. அதே டெய்லரிடம் ஹாஃப் கேன்வாஸ் கேட்கலாம்: மார்பும் லேப்பலும் கேன்வாஸ், கீழே வயிற்றுப் பகுதி மட்டும் மெல்லிய ஃப்யூசிங். லேப்பல் உருளும், கைவேலை குறையும், விலையும் இறங்கும். ஃப்யூசிங் ஒட்டுவதை மட்டும் பிரெஸ் இருக்கும் இடத்தில் கொடுத்துச் செய்து வாங்கச் சொல்லுங்கள்.

கத்தரிக்கோல்
வயிறுதான் அதிகம் வேர்க்கிற, அதிகம் மடங்குற இடம். உட்கார்ந்தா எழுந்தா அங்கதான் துணி ஒடியும். அங்க போய் ஒட்டுங்கன்னு சொல்றீங்களே. கைவேலையைக் குறைக்கணும்னா காஜாவை மெஷின்ல எடுக்கலாம், லைனிங்கை மெஷின்ல மூடலாம். கேன்வாஸைக் குறைக்க வேண்டாம்.

துணிமூட்டை
250 கிராம் பிளெயின் துணியில கீழே கனமா ஃப்யூசிங் வெச்சா வெளியே தடிப்பு தெரியும், மாஸ்டர் சொல்றதுல நியாயம் இருக்கு. ஒட்டினா 40 கிராமுக்குள்ள இருக்கிற ஃப்யூசிங்தான். மீதித் துணியில ரெண்டு அடிக்கு ஒட்டி, ஸ்டீம் அடிச்சு, ஆறவிட்டு உரிச்சுப் பாருங்க. ஒட்டாததையும் சேர்த்து 50 செ.மீ. குறி வெச்சு ஸ்டீமுக்கு முன்ன பின்ன அளங்க. ரெண்டும் ஒரே அளவு சுருங்கினா பயமில்லை. அரை செ.மீ. வித்தியாசம் வந்தாலே பின்னால குமிழும்.

மாம்பலம்வாசி
சரி, டெய்லர்தான்னு முடிவு. சூப்பர் 110, கருநீலம், 3.5 மீட்டரும் ரெண்டாவது பேன்ட்டுக்குத் துணியும். ஃபுல்லா ஹாஃபான்னு அந்த ஒட்டிப் பார்க்கிற சோதனையை டெய்லர் முன்னாடியே செஞ்சுட்டுத் தீர்மானிக்கிறோம். ட்ரையலுக்குப் போகும்போது தம்பி என்ன பார்க்கணும்?

கத்தரிக்கோல்
ரிசப்ஷனுக்குப் போடற அதே சட்டை, அதே ஷூ, பாக்கெட்ல ஃபோன் இல்லாம போகணும். விறைப்பா நிக்க வேண்டாம், எப்பவும் நிக்கிற மாதிரி நிக்கணும். முதல் ட்ரையல்ல தோளும் பின்கழுத்தும் மட்டும் பாருங்க. காலர் கழுத்தை விட்டு விலகக் கூடாது, காலருக்குக் கீழே குறுக்கா ஒரு மடிப்பு வந்தா பின்பக்கம் நீளம் கூடியிருக்கு. ஒரு பட்டனைப் போட்டு, எக்ஸ் மாதிரி இழுக்குதான்னு பாருங்க. லேசா இழுத்தா விடலாம், விட இடம் வேணும்னு முதல்லயே சொல்லி, பக்கத் தையல்லயும் பேன்ட்டோட பின்தையல்லயும் ஒரு இஞ்ச் துணி உள்ளே விடச் சொல்லுங்க. பேன்ட்டுக்கு ஒரு ப்ளீட் வையுங்க, முன் உயரம் வயிற்றுக்கு மேல வரட்டும். வயிற்றுக்குக் கீழே பெல்ட்ல கட்டினா நாள் முழுக்க இறங்கிக்கிட்டே இருக்கும், உள்ளே சஸ்பெண்டர் (தோள் வார்) பட்டன் வெச்சுடலாம்.

லைன்இன்சார்ஜ்
கை விழுகிற கோணத்தையும் பாருங்கள். கை தொங்கவிட்ட நிலையில் மேற்கையின் பின்பக்கம் குறுக்குச் சுருக்கம் விழுந்தால், கையைக் கைக்குழியில் சற்றுச் சுற்றி மறுபடி பொருத்த வேண்டும். அது இரண்டாவது ட்ரையலில் முடிய வேண்டிய வேலை. சட்டைக் கையின் நுனி ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரிய வேண்டும். அந்த நீளம் உறுதியான பிறகே கை ஓரத்தில் காஜா வெட்டச் சொல்லுங்கள். வெட்டிவிட்டால் கீழிருந்து நீளத்தைக் குறைக்க முடியாது.

கத்தரிக்கோல்
கடைசி ட்ரையலை ரிசப்ஷனுக்குப் பத்து நாள் முன்னாடி வையுங்க. கல்யாண வேலையில மாப்பிள்ளைக்கு வயிறு ஒரு இஞ்ச் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். காஜாவை எல்லாம் அன்னைக்குத்தான் எடுக்கணும்.