லைசென்ஸ் இருக்கு, கார் எடுக்கத்தான் தைரியம் வரலை. இந்தத் தன்னம்பிக்கையை எப்படித்தான் வளர்க்கறது?

மாடிவீட்டு_மல்லி:
டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கிட்டு லைசென்ஸும் வாங்கியாச்சு. ஸ்கூல் வண்டியில எல்லாம் நல்லாத்தான் வந்துச்சு. வீட்டு வண்டியை (மேனுவல், பெட்ரோல்) எடுத்தா சிக்னல்ல ஆஃப் ஆகுது, பின்னாடி ஹாரன் கேட்டதும் கை நடுங்குது. பக்கத்துல வீட்டுக்காரர் உட்கார்ந்தா "பிரேக்கு, பிரேக்கு"ன்னு கத்தல். யாரைக் கேட்டாலும் "தன்னம்பிக்கை வேணும்மா"ன்னு ஒரே பதில். கண்ணாடி முன்னாடி நின்னு "என்னால் முடியும்"னு சொல்லியும் பார்த்தாச்சு. சாவியைக் கையில எடுத்தா அதெல்லாம் காத்தோட போயிடுது. போதாததுக்கு அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல இருந்து ஏறி வர்ற சரிவு வேற. விஷயம் தெரிஞ்சவங்க என்ன செய்யணும்னு சொல்லுங்க. பொன்மொழி மட்டும் வேண்டாம்.

கியர்பாக்ஸ்:
மேடம், ஸ்கூல் வண்டியில பயிற்சியாளர் பக்கமும் கிளட்ச், பிரேக் பெடல் இருக்கும். உங்க கால் தப்பா எழும்பும்போதெல்லாம் அவர் சத்தமில்லாம மிதிச்சு, வண்டி ஆஃப் ஆகாம காப்பாத்தியிருப்பார். வண்டி என்னவோ ஓடுச்சு, ஆனா கிளட்ச் எந்த இடத்துல பிடிக்குதுன்னு உங்க கால் கத்துக்கவே இல்லை. அதனால உங்க பயம் நியாயமான பயம்தான். நம்பிக்கையைக் கடைசியில பார்த்துக்கலாம், முதல்ல கால்.

சீட்டைச் சரி பண்ணுங்க. கிளட்சை அடிவரைக்கும் மிதிச்ச பிறகும் முழங்கால் லேசா மடங்கியிருக்கணும். தூரமா உட்கார்ந்துக்கிட்டு விரல் நுனியால மிதிச்சா கட்டுப்பாடு வராது. தடிச்ச சோல் செருப்பும் கூடாது, பெடல் கால்ல உணராது.

ஞாயிறு காலையில 6 மணிக்கு சமதளமான காலி மைதானத்துக்குப் போங்க. ஏசி ஆஃப்ல இருக்கட்டும். சின்ன பெட்ரோல் இன்ஜினுக்கு அது கூடுதல் சுமை. ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்குங்க. ஆக்ஸிலரேட்டரைத் தொடவே தொடாதீங்க. குதிகாலைத் தரையை ஒட்டியே வெச்சுக்கிட்டு கிளட்சை நூல் நூலா விடுங்க. ஒரு இடத்துல இன்ஜின் சத்தம் கனத்து, ஆர்பிஎம் (இன்ஜின் சுத்தற வேகம்) முள் கொஞ்சம் இறங்கி, வண்டி நகரப் பார்க்கும். கால் அங்கேயே 2 நொடி நிக்கணும். வண்டி நடை வேகத்துல உருளும். திரும்ப கிளட்சை மிதிச்சு, பிரேக் போட்டு நிறுத்துங்க. இதை 20 முறை செய்யுங்க. தொடர்ந்து 10 முறை ஆஃப் ஆகாம வந்தாத்தான் அடுத்த கட்டம். நடுவுல கருகின வாடை வந்தா பாதி கிளட்ச்லயே ரொம்ப நேரம் நிக்கறீங்கன்னு அர்த்தம். 10 நிமிஷம் ஆற விட்டுத் தொடருங்க.

மனவாசல்:
கியர்பாக்ஸ் சொன்னதை உளவியல் பக்கமிருந்து சொல்றேன். "இந்தக் காரியம் என்னால ஆகும்"ங்கற நம்பிக்கை எங்கிருந்து வருதுன்னு உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டுரா 1977-ல எழுதினார். நாலு ஊற்று சொல்றார்: தானே செஞ்சு ஜெயிச்ச அனுபவம், தன்னை மாதிரி ஆட்கள் செய்யறதைப் பார்க்கறது, மத்தவங்க சொல்ற வார்த்தை, உடம்பு காட்டற படபடப்பை நாம எடுத்துக்கற விதம். இதுல முதலாவதுதான் ரொம்ப வலுவானது. ஊரே சேர்ந்து உங்களுக்குக் கொடுத்துட்டு இருக்கறது மூணாவதை மட்டும்.

முதலாவதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. ஜெயிச்சது நாமதான்னு மனசு ஏத்துக்கணும். பயிற்சியாளர் கால் காப்பாத்தின ஓட்டம் உங்க கணக்குல வரவாகவே இல்லை.

கண்ணாடி வித்தைக்கு வருவோம். கனடாவுல வாட்டர்லூ பல்கலைக்கழகத்துக்காரங்க 2009-ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. தன்னைத் தாழ்வா நினைக்கறவங்க அந்த மாதிரி நல்ல வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னப்போ அவங்க மனநிலை தேறலை, இன்னும் இறங்கிச்சு. வாய் ஒண்ணு சொல்ல, உள்ளுக்குள்ள ஒரு குரல் "எங்க, நேத்துகூட ஆஃப் ஆச்சே"ன்னு எதிர்வாதம் பண்ணும். அதனால மனசு மறுக்க முடியாததை மட்டும் சொல்லுங்க: "கிளட்ச் பிடிக்கிற இடம் எனக்குத் தெரியும்", "ஆஃப் ஆனா திரும்ப ஸ்டார்ட் பண்ணத் தெரியும்."

அடுத்து ஒரு நோட்டு. பயத்துக்கு 0 முதல் 100 வரை மார்க் போட்டு, குறைஞ்சதுல இருந்து வரிசையா எழுதுங்க. நிக்கிற வண்டியில உட்கார்றது 10, காலி மைதானம் 25, காலை 6 மணிக்கு உங்க தெரு 40, ஒரு சிக்னல் 60, சாயங்கால டிராஃபிக் 85ன்னு இருக்கலாம். உங்க எண் வேறயா இருக்கும். ஒரு படியில பயம் பாதியா குறையற வரைக்கும் அதே படியிலதான் இருக்கணும். படபடப்பு உச்சத்துல இருக்கும்போது வண்டியை வீட்டுக்குத் திருப்பிட்டா, தப்பிச்சதுதான் நிம்மதின்னு மூளை பாடம் படிச்சுக்கும். அடுத்த தடவை பயம் கூடுதலா வரும். ஓரங்கட்டி நிறுத்தி, 4 எண்ணி மூச்சிழுத்து 6 எண்ணி விட்டு, அமைதியான பிறகு திரும்புங்க. கிளம்பும் முன்னாடி "இன்னைக்கு இத்தனை தடவை ஆஃப் ஆகும்"னு எழுதி வெச்சு, வந்ததும் நிஜக் கணக்கைப் பக்கத்துல எழுதுங்க. பெரும்பாலும் நாம பயந்த எண்ணிக்கைதான் பெருசா இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஏதாவது விபத்துக்கு அப்புறம் வந்த பயம்னா, இல்ல பயணியா உட்கார்ந்தாலே நெஞ்சடைச்சு வியர்க்குதுன்னா, பயிற்சியோட நிறுத்தாம உளவியல் ஆலோசகரைப் பாருங்க.

ஏஎம்டி_ரசிகன்:
எதுக்குங்க இத்தனை பாடு? ஏஎம்டி (கியரைத் தானே மாத்திக்கற வண்டி) வாங்கினா கிளட்ச் பெடலும் இல்லை, பயமும் இல்லை. கதை முடிஞ்சுது.

கியர்பாக்ஸ்:
வாங்கறதுல தப்பில்லை சகோ, ஆனா பாதிக் கதைதான் முடியும். புதுசா ஓட்டறவங்களுக்கு இன்னொரு பயம் இடது பக்க அளவு. சின்ன ஹேட்ச்பேக்கே சுமார் 1.5 முதல் 1.7 மீட்டர் அகலம், கண்ணாடிகளையும் சேர்த்தா இன்னும் கூடும். அதை எந்த கியர்பாக்ஸும் கத்துத் தராது. மைதானத்துல காலி தண்ணீர் கேன் ரெண்டை 2.5 மீட்டர் இடைவெளியில வெச்சு நடுவுல ஓட்டணும், சரியா வந்தா 2.2 மீட்டருக்குக் குறைக்கணும். பிளாஸ்டிக் கேன்தானே, இடிச்சாலும் ஒண்ணும் ஆகாது.

மாடிவீட்டு_மல்லி:
ரெண்டு பேருக்கும் நன்றி. சிக்னல்ல ஆஃப் ஆயிட்டா? அப்புறம் அந்தச் சரிவு? வீட்டுக்காரரை என்ன பண்றது?

கியர்பாக்ஸ்:
ஆஃப் ஆகறதையே தனிப் பயிற்சியா எடுங்க. மைதானத்துல வேணும்னே கிளட்சைப் பட்டுனு விட்டு ஆஃப் பண்ணுங்க. வலது கால் பிரேக்கை அழுத்தட்டும், இடது கால் கிளட்சை முழுசா மிதிக்கட்டும். நியூட்ரல், ஸ்டார்ட், ஃபர்ஸ்ட், கிளம்பு. 10 முறை செஞ்சா கை தானா போகும், சில நொடி வேலை. ஹாரன் அடிக்கறவர் பச்சை விழறதுக்கு முன்னாடியே அடிப்பார், அது நம்ம ஊர் வழக்கம். அதுக்காக அவசரப்பட்டு கிளட்சை விட்டா ரெண்டாவது தடவையும் ஆஃப் ஆகும்.

சரிவுக்கு ஹேண்ட் பிரேக்தான் துணை. அதை நல்லா இழுத்து, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரை 1500 ஆர்பிஎம் வரைக்கும் கொடுத்து, கிளட்சை பிடிக்கிற இடத்துக்குக் கொண்டுவாங்க. வண்டியோட பின்பக்கம் லேசா அமுங்கும், முன்மூக்கு எழும்பும். அது தெரிஞ்ச பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்கினா பின்னால உருளாது. உங்க வண்டியில ஹில் ஹோல்டு (சரிவுல வண்டி பின்னால உருளாம தானா பிடிச்சுக்கற வசதி) இருந்தா பிரேக்கை விட்டதும் 2 நொடி போலத்தான் பிடிச்சிருக்கும், அதுக்குள்ள கிளம்பணும். பேஸ்மென்ட்ல முன்னாடி ஒரு வண்டி ஏறிக்கிட்டு இருந்தா பின்னாலயே போகாதீங்க. அது வெளியேறும் வரைக்கும் கீழே சமதளத்துல காத்திருங்க. சரிவு நடுவுல நிக்கவேண்டி வரலைன்னா பாதிப் பிரச்சனை இல்லை.

மனவாசல்:
வீட்டுக்காரர்கிட்ட கிளம்பும் முன்னாடியே பேசிக்கோங்க. வண்டிக்குள்ள அவருக்கு மூணே வார்த்தை: "நில்லு", "இடது", "வலது". விமர்சனமெல்லாம் இறங்கின பிறகு. அவர் "கிளட்ச், கிளட்ச்"னு சொல்லிச் சொல்லி ஓட்டினா அந்த ஓட்டமும் அவர் பேர்லதான் போகும். சில நாள் அவரை முன்சீட்ல, அப்புறம் பின்சீட்ல உட்கார வைங்க. ஒரு படி நல்லாப் பழகினதும் அதே ரோட்டுல, அதே நேரத்துல தனியாப் போங்க. ஆள் இல்லாம போறதும் புது ரோட்டுல போறதும் ஒரே நாள்ல வேண்டாம்.