சரக்கொன்றை என்று நட்ட மரம் கானாறு வரை முளைத்துவிட்டது, என்ன செய்வது?

கேள்வி: ஒடுகத்தூர் கழனிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர்ப் பக்கம், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கழனியும் அதை ஒட்டி ஒரு மேட்டுக் கொல்லையும் இருக்கின்றன. எட்டு ஆண்டுகளுக்கு முன் கிணற்றடியில் நிழல் வேண்டும் என்று ஒரு நாற்றுப் பண்ணையில் கேட்டபோது, சரக்கொன்றை என்று சொல்லி இரண்டு கன்றுகளைக் கொடுத்தார்கள். இரண்டும் கிடுகிடுவென வளர்ந்து, மூன்றாம் ஆண்டிலேயே மரம் முழுவதும் மஞ்சளாகப் பூத்தன. சித்திரையில் பூக்க வேண்டிய மரம் புரட்டாசியில் பூக்கிறதே என்று அப்போதே எனக்கு ஐயம் வந்தது. ஆனால் பூவின் அழகைப் பார்த்து அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது கொல்லை முழுவதும், அதற்கு அப்பால் மலையிலிருந்து இறங்கும் கானாற்றின் இரு கரைகளிலும் இதன் கன்றுகள் முளைத்திருக்கின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மரத்தை அடியோடு வெட்டினோம். அடுத்த மழைக்குள் அடிக்கட்டையைச் சுற்றிப் பதினான்கு தளிர்கள் கிளம்பி, இன்று அவை வீட்டுக் கூரையை எட்டிவிட்டன. எங்கள் ஆடுகள் இதன் இலையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகின்றன. இது சரக்கொன்றைதானா? இல்லையென்றால் இதை ஒழிக்க வழி என்ன? மீதமுள்ள மரத்தின் நிழலில்தான் என் தாயார் நாள்தோறும் உட்கார்ந்து மல்லாட்டை உடைக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1: குடியாத்தம் தாவரவியல் ஆசிரியர் (பணி நிறைவு)

தம்பி, நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் இது சரக்கொன்றை அன்று. நடு அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற மரமாகவே இருக்க வேண்டும். அழகுக்காகவும் நிழலுக்காகவும் பல வெப்ப நாடுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, போன இடங்களில் காட்டுக்குள் புகுந்துவிட்ட மரம் இது. மஞ்சள் கொன்றை என்று சிலர் அழைக்கிறார்கள். ஆனால் அதே பெயரில் சாலையோரத்துச் சென்னா சயாமியாவையும் குறிப்பிடுவதால், பெயரை நம்பி முடிவு செய்யாதீர்கள், இலையையும் நெற்றையும் கையில் எடுத்துப் பாருங்கள்.

சரக்கொன்றையின் பூங்கொத்து சரம் சரமாகக் கீழ்நோக்கித் தொங்கும், அதனால்தான் அந்தப் பெயர். உங்கள் மரத்தில் பூங்கொத்து கிளை நுனியில் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். சரக்கொன்றையின் சிற்றிலை உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாகவும், ஓர் இலைக்காம்பில் சில இணைகள் மட்டுமாகவும் இருக்கும். ஸ்பெக்டாபிலிஸில் பத்துப் பதினைந்து இணைகள் வரை வரிசையாக இருக்கும், சிற்றிலை குறுகி நுனி கூர்மையாக முடியும், அடிப்பக்கம் தடவினால் மெல்லிய மயிர்ப்பூச்சு விரலுக்குத் தெரியும். சயாமியாவின் சிற்றிலை நுனியோ மழுங்கி உருண்டிருக்கும், அதன் நெற்று பட்டையாகத் தட்டையானது.

ஐயத்துக்கு இடமின்றி முடிவு செய்ய, மரத்தடியில் கிடக்கும் சென்ற ஆண்டு நெற்று ஒன்றை எடுத்து உடைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் பருமனில், ஒரு சாணுக்குச் சற்று மேலாகவோ குறைவாகவோ நீண்டு, உருளையாகக் கறுத்திருக்கும். உள்ளே குறுக்குத் தடுப்புகள் நெருக்கமாக அமைந்து, ஒவ்வோர் அறையிலும் ஒரு தட்டையான விதை, காசுகளை அடுக்கி வைத்தாற்போல இருக்கும். ஒரே நெற்றில் ஐம்பது விதைகளுக்கு மேல் எண்ணலாம். ஒரு மரத்தில் எத்தனை நெற்றுகள் தொங்குகின்றன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விதையின் தோல் கடினமானது என்பதால் எல்லாம் ஒரே மழையில் முளைத்துவிடுவதில்லை, மண்ணில் கிடந்து காத்திருந்து முளைக்கும்.

ஆடு தின்னாததற்கும் காரணம் உண்டு. இதன் இலையிலும் பூவிலும் ஸ்பெக்டாலின் முதலிய ஆல்கலாய்டுகள் என்ற வேதிப்பொருள்கள் இருக்கின்றன. பூவில் வண்டுகள் மொய்ப்பதைப் பார்த்துத் தேனீ வளர்ப்போர் சிலர் மகிழ்கிறார்கள், ஆனால் இந்தப் பூவில் தேன் இல்லை. நுனியில் சிறு துளையுள்ள மகரந்தப் பைகளைக் கருவண்டுகள் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்த்து எடுக்கின்றன, அவ்வளவுதான். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாயிற்றே, மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்குமே என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன்: இதன் வேரில் தழைச்சத்தை நிலைநிறுத்தும் முடிச்சுகள் உண்டாவதில்லை.

பதில் 2: பாலாற்றங்கரை

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது. எங்கள் பக்கம் பாலாற்று மணல் முழுவதையும் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. அதைவிட்டு, வேலூர் வெயிலில் நிழல் தரும் ஒரு மரத்தைப் பகையாகப் பார்க்க வேண்டுமா? பெரியவர் உட்காரும் நிழலை வெட்டிவிட்டு என்ன செய்யப் போகிறோம்? முளைக்கும் கன்றுகளை மட்டும் பிடுங்கிப் போட்டால் போதாதா?

பதில் 3: கூடலூரில் இருந்து திரும்பியவன்

பாலாற்றங்கரை அண்ணனின் கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் நான் ஆறு ஆண்டுகள் நீலகிரி மாவட்டம் கூடலூரில் வேலை பார்த்தவன், முதுமலையில் இந்த மரம் செய்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கத்திலுள்ள வயநாட்டில் 1980களில் நிழலுக்கும் அழகுக்கும் என்று நடப்பட்ட மரங்கள்தான் அங்கே காட்டுக்குள் பரவின. அதன் கவிகையின் கீழே நடந்து போனால், மான் மேயும் புல்லும் இல்லை, நெல்லிக் கன்றோ தேக்குக் கன்றோ ஒன்றும் எழவில்லை. இலைச் சருகும் இதன் கன்றுகளும்தான் இருந்தன. சீமைக் கருவேலத்தின் நெற்றையாவது ஆடு மாடுகள் தின்னும். இது எதற்கும் உணவாகாமல் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

சத்தியமங்கலம், முதுமலைப் புலிகள் காப்பகங்களில் இதை அகற்றும் பணி சென்னை உயர் நீதிமன்றத்தின் கவனத்துக்குச் சென்றது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் படையெடுப்புத் தாவரங்களுக்கென ஒரு கொள்கையையே வெளியிட்டது. வெட்டிய மரங்களைக் காகிதக் கூழுக்காகத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஒரு மரத்துக்காக அரசும் நீதிமன்றமும் காகித ஆலையும் இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், உங்கள் கானாற்றங்கரையில் இன்று முளைத்திருக்கும் கன்றுகளை அலட்சியமாக விட மனம் வராது. பாலாற்று மணலைவிட, ஈரம் தங்கும் மலையடிவாரக் கானாறுதான் இதற்குப் பிடித்த இடம் என்பது என் கணிப்பு. அங்கிருந்து மலையேற அதற்கு ஒரு நல்ல மழைக்காலம் போதும்.

இனி செய்ய வேண்டியது. வெட்டுவது மட்டும் தீர்வாகாது என்பதை உங்கள் பதினான்கு தளிர்களே சொல்லிவிட்டன. முழங்கால் உயரத்துக்கு உட்பட்ட கன்றுகளை மழை பெய்து மண் இளகியிருக்கும்போது ஆணிவேரோடு இழுத்து எடுங்கள். வேர் பாதியில் அறுந்தால் திரும்பத் தழைக்கும், ஆகவே கடப்பாரையால் நெம்பி எடுப்பது நல்லது. பெரிய மரத்தை வெட்டாமல் நின்ற நிலையிலேயே காய வைக்க வேண்டும். தரைமட்டத்திலிருந்து, முடிந்தால் வேர் தொடங்கும் இடத்திலுள்ள மண்ணையும் விலக்கி, மார்பளவு உயரம் வரை பட்டையைச் சுற்றிலும் உரித்து, உள்ளே வழவழப்பாகத் தெரியும் பசைப் படலத்தையும் அரிவாள் முதுகால் சுரண்டிவிடுங்கள். விரலகலம் பட்டை ஒட்டியிருந்தாலும் அந்த வழியாக மரம் பிழைத்துக்கொள்ளும். நான் பார்த்த மரங்கள் காய்ந்து முடிய ஓராண்டுக்கு மேல் ஆனது. அதுவரை அடியில் கிளம்பும் தளிர்களை மாதம் ஒரு முறை கிள்ளி எறிய வேண்டும்.

நெற்று முற்றிக் கறுப்பதற்கு முன்பே பறித்து எரித்துவிடுங்கள், எருக்குழியில் மட்டும் போடாதீர்கள். அந்த எருவோடு விதையும் கழனிக்குப் போய்ச் சேரும். மண்ணில் ஏற்கெனவே விழுந்த விதைகளுக்காக, இன்னும் சில ஆண்டுகளுக்கு ஒவ்வொரு மழைக்குப் பின்னும் கானாற்றங்கரையை ஒரு நடை பார்த்து வர வேண்டியிருக்கும்.

பதில் 4: அணைக்கட்டு வாசகி

அண்ணா, ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் பட்டா நிலத்தில் உள்ள மரம் வேறு, கானாற்றங்கரையில் முளைத்தது வேறு. கானாறு புறம்போக்காகவோ காப்புக்காட்டை ஒட்டியோ இருக்கலாம். மலைப்பகுதி மரங்களுக்கென 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் அறிவிக்கப்பட்ட இடங்களில் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே கை வைக்கும் முன் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். இந்த மரம் இங்கே முளைத்திருக்கிறது என்பதை அவர்கள் அறிந்துகொள்வதும் நல்லதுதானே.

நிழலுக்குப் புங்கன் வையுங்கள். எங்கள் களத்துமேட்டில் வைத்த புங்கன் ஐந்தாம் ஆண்டிலேயே கட்டில் போட்டுப் படுக்கும் அளவுக்கு நிழல் தந்தது. மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். கிணற்றடி ஈரத்துக்கு அது நன்றாகவே வரும்.

கேள்வி கேட்டவர்: ஒடுகத்தூர் கழனிக்காரன்

ஆசிரியர் ஐயா சொன்னபடி நெற்றை உடைத்துப் பார்த்தேன். ஒன்றில் ஐம்பத்தேழு விதைகள் இருந்தன, அத்தனையும் தனித்தனி அறையில். சிற்றிலையின் நுனியும் கூர்மையாகவே இருக்கிறது, ஆகவே இனி ஐயமில்லை. மரத்தை ஒரேயடியாகச் சாய்க்காமல் நின்ற நிலையில் காய வைக்கும் முறை எங்களுக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. தாயாரிடம் சொன்னபோது முதலில் வருந்தினார். பிறகு, புங்கன் கன்றைக் கிணற்றின் மேற்குப் பக்கம் வைத்தால்தான் பிற்பகல் வெயில் மறையும் என்று அவரே இடத்தைக் காட்டினார். இந்த ஐப்பசி மழையிலேயே இரண்டு கன்றுகளை நட்டுவிடுகிறோம். பழைய அடிக்கட்டையின் பதினான்கு தளிர்களையும் நாளைக் காலை அறுத்துவிட்டுக் கட்டையின் பட்டையை உரிக்கத் தொடங்குகிறேன். வனச்சரக அலுவலகத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை நேரில் கொடுக்கிறேன்.