பிறமதப் பண்டிகை நாளில் நடந்த, இன்னும் மனதை உறுத்தும் ஒரு சம்பவம்: உங்களுக்கும் உண்டா?

எதிர்வீட்டான்
அஸ்ஸலாமு அலைக்கும். பிறமதப் பண்டிகையில் கலந்துகொள்வது ஹராமா (கூடாததா) ஹலாலா (ஆகுமானதா) என்று கேட்க இதை எழுதவில்லை, அந்த விவாதம் இங்கே எல்லாருக்கும் மனப்பாடம். எதிர்வீட்டு அம்மா அவங்க பண்டிகைக்கு ஒரு டப்பா இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார். சிரித்துக்கொண்டே வாங்கினேன். கதவைச் சாத்தியதும் படையலாக இருக்குமோ என்று சந்தேகம், அப்படியே குப்பைப் பையில் கொட்டிவிட்டேன். "இது படைச்சதாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மறுநாள் காலை பையைக் கீழே கொண்டுபோகும்போது அடி கிழிந்து எல்லாம் படியில் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தால் அந்த அம்மா மேல்படியில் நிற்கிறார். ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டார்.

அடுத்த வருஷமும் வந்தார். இந்த முறை கையில் கடையில் வாங்கிய பெட்டி. மேலே சுற்றியிருந்த கண்ணாடித்தாளை விரலால் தட்டிக் காட்டி, "பிரிக்கவே இல்லப்பா, எங்க வீட்டுக்குள்ளகூடக் கொண்டுபோகல" என்றார். அந்த விரல் தட்டின சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது?

ஐந்தாவது மாடி
வ அலைக்கும் ஸலாம். என்னுடையது தொப்பிக் கதை. டிசம்பர் கடைசியில் அலுவலகத்தில் எல்லாருக்கும் சிவப்புத் தொப்பி கொடுப்பார்கள், தெரிந்ததுதானே. நான் கழிவறை, மாடிப்படி என்று ஒளிந்துகொண்டு இரண்டு வருஷம் தப்பித்தேன். மூன்றாவது வருஷம் மேலாளர் பின்னாலிருந்து வந்து என் தலையில் மாட்டி, தாடைக்கு அடியில் ரப்பர் நாடாவை இழுத்துவிட்டார், எதிரே கேமரா, நான் சிரித்துவிட்டேன். கழற்றியிருக்கலாம், கட்டாயம் ஒன்றும் இல்லை. படம் சுற்றிச் சுற்றி மாமனார் கைக்குப் போனது. அவர் திட்டவில்லை, "நல்லா இருக்கு மாப்ள" என்றார், அதுதான் தாங்க முடியவில்லை.

2016ல் இந்தோனேசிய உலமா (மார்க்க அறிஞர்கள்) சபை இதற்கென்றே ஒரு ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தது. பிறமத அடையாளங்களை அணிவதும் ஹராம், அணியச் சொல்வதும் ஹராம் என்று. அதைப் படித்தபோது, அட, என்னைப்போல் ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறான் போல என்று ஒரு ஆறுதல். ஆனால் படத்தில் நான் சிரிப்பதற்கு ஃபத்வா ஒன்றும் செய்ய முடியாது.

தெளிவான பாதை
சகோ எதிர்வீட்டான், நீங்கள் கொட்டியதற்கு வருந்த வேண்டியதில்லை, சந்தேகமானதை விடுவதுதான் பேணுதல். உங்கள் தவறு வாங்கியதுதான். நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது மக்கள் இரண்டு நாட்களில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவற்றுக்குப் பதிலாக அல்லாஹ் அவற்றைவிடச் சிறந்த இரண்டு நாட்களைத் தந்துவிட்டான், ஈதுல் அள்ஹாவும் (பக்ரீத்) ஈதுல் ஃபித்ரும் (நோன்புப் பெருநாள்) என்றார்கள் (அபூதாவூத் ஹதீஸ் நூல்). மாற்றித் தந்துவிட்டான் என்றால் பழையது போய்விட்டது என்றுதானே அர்த்தம்? "யார் ஒரு கூட்டத்துக்கு ஒப்பாக நடக்கிறாரோ அவர் அவர்களைச் சேர்ந்தவர்" என்பதும் அபூதாவூதில்தான் இருக்கிறது, தொப்பி சகோதரர் கவனிக்கவும். வாழ்த்துச் சொல்வது பற்றி அந்தக்கால மார்க்க அறிஞர் இப்னுல் கய்யிம் (ரஹ்) எழுதியதையும் படியுங்கள். அவர்களுடைய மதச் சடங்குகளுக்கென்றே உள்ள வாழ்த்து ஒருமித்த கருத்துப்படி ஹராம் என்கிறார், சிலுவைக்கு ஸஜ்தா செய்ததற்கு (சிரம் பணிந்ததற்கு) வாழ்த்துவது மாதிரி என்று உவமையும் சொல்கிறார். இந்தோனேசியாவை இழுத்ததால் சொல்கிறேன், 1981லேயே அதே சபை கூட்டுக் கிறிஸ்துமஸ் விழாவில் கலந்துகொள்வது ஹராம் என்றது. அரசுத் தரப்பிலிருந்து நெருக்கடி வந்தபோது தலைவராக இருந்த ஹம்கா பதவியைத்தான் விட்டார், ஃபத்வாவை விடவில்லை. அந்த உறுதி வேண்டும்.

நடைமுறை யோசனை: பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே நீங்களே போய், எங்கள் மார்க்கத்தில் இன்னின்னது இல்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். வெளியூர்ப் பயணத்தை அந்த நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிக் கொடுங்கள். வீட்டில் பெண்கள் பக்கத்துவீட்டில் பேசும்போது என்ன பேசுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. பக்கத்துவீட்டுக்காரர் வாழ்த்துச் சொன்னார். நன்றி என்றேன். அவ்வளவுதான்.

மூணு பிள்ளைகளின் உம்மா
பெண்களைக் கவனிக்கச் சொன்னவருக்கு பிறகு பதில் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஆண்டு இறுதி நாடகம், இயேசு பிறந்த கதை. என் நடுப்பிள்ளைக்கு ஆட்டு வேஷம். வசனமே கிடையாது, பஞ்சு ஒட்டின சட்டையைப் போட்டுக்கொண்டு மூலையில் குந்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான். டீச்சரிடம் பக்குவமாகப் பேசினேன், அவரும் மரியாதையாகவே ஒத்துக்கொண்டு ஒத்திகை நேரத்தில் பிள்ளையை நூலகத்தில் உட்கார வைத்தார். வீட்டுக்கு வந்து புத்தகப்பையை இறக்கிக்கொண்டே கேட்டது: "ஆடு யாரையும் கும்புடாதே உம்மா?"

ஈஸா நபியை (இயேசுவை) நாம் நம்புகிறோம், அவருடைய தாய் மர்யம் பேரில் குர்ஆனில் ஒரு ஸூராவே (அத்தியாயமே) இருக்கிறது, ஆனால் அவரை கடவுளுடைய மகன் என்று சொல்கிற இடத்தில் நாம் இருக்கக்கூடாது என்றெல்லாம் விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "சரி, ஆனா ஆடு?" என்றது. இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை. முடிவு சரிதான் என்றுதான் இப்பவும் நினைக்கிறேன், ஆனாலும் அந்தப் பஞ்சுச் சட்டையை நான் பாதி தைத்து வைத்திருந்தேன்.

இரவல் புத்தகம்
தெளிவான பாதை அவர்களே, வாங்கியதே தவறு என்கிறீர்கள். இந்த விஷயத்தில் இப்னுல் கய்யிமின் ஆசிரியர் இப்னு தைமிய்யாவைவிடக் கண்டிப்பாக எழுதியவர் யார்? பண்டிகையில் ஒப்பாவதைக் கண்டித்தே ஒரு தனி நூல் எழுதியவர். அவரே அந்த நூலில், அவர்கள் பண்டிகை நாளில் தரும் அன்பளிப்பை ஏற்கலாம் என்கிறார், நபித்தோழர் அலீ (ரலி) நவ்ரூஸ் (பாரசீகப் புத்தாண்டு) அன்பளிப்பை ஏற்ற செய்தியைக் காட்டி. நபியின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஒரு பெண், எங்களுக்கு நெருப்புவணங்கிச் செவிலித்தாய்கள் இருக்கிறார்கள், பண்டிகைக்கு அன்பளிப்பு தருகிறார்கள் என்று கேட்டபோது, அந்த நாளுக்காக அறுத்ததை உண்ணாதீர்கள், அவர்களுடைய மரங்களில் விளைந்ததை உண்ணுங்கள் என்றார்கள் என்ற செய்தியும் அங்கேயே வருகிறது. ஹனஃபி சட்டப்பள்ளி அறிஞர்களில் அபூஹஃப்ஸ் அல்கபீர் சொன்னது பிரபலம்: ஐம்பது வருஷம் வணங்கிய ஒருவன் நவ்ரூஸ் அன்று ஒரு முட்டையை அன்பளிப்பாகக் கொடுத்தாலும் குஃப்ர் (இறைமறுப்பு) என்று. பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) முட்டையோடு நிறுத்திவிடுவார்கள். "அந்த நாளைக் கண்ணியப்படுத்தும் எண்ணத்தில்" என்று ஒரு துண்டு அதில் இருக்கிறது, நிய்யத்துதான் அங்கே பேச்சே.

என் கதை சின்னது. நண்பன் ஒருவன் பண்டிகை வாழ்த்து அனுப்பினான். பதில் போடாமல் மூன்று நாள் ஃபத்வா தேடினேன். ஒருபக்கம் சவூதி அறிஞர் இப்னு உஸைமீன், கூடாது என்கிறார். மறுபக்கம் அறிஞர் கர்ளாவி, எகிப்தின் ஃபத்வா அமைப்பான தாருல் இஃப்தா, ஐரோப்பிய ஃபத்வா கவுன்சில், அவர்கள் கொள்கையை ஏற்காமல் வெறும் நல்லுறவுக்காகச் சொல்வதில் தவறில்லை. நான்காம் நாள் "நீயும் குடும்பமும் நல்லா இருங்க" என்று அனுப்பினேன். "எதுக்குடா?" என்று கேட்டான்.

தெளிவான பாதை
அலீ (ரலி) செய்தியின் அறிவிப்பாளர் தொடர் நம்பகமானதா என்பதில் பேச்சு இருக்கிறது. அது போகட்டும், அன்பளிப்பு வாங்குவது வேறு, விழாவில் போய் நிற்பது வேறு, இதை நீங்களும் மறுக்க முடியாது. குர்ஆன் 25:72ல் ரஹ்மானின் (இறைவனின்) அடியார்கள் "ஸூர்" (பொய்யானது) என்பதில் பிரசன்னமாக மாட்டார்கள் என்று வருகிறது, தாபியீன்களில் (நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையினரில்) சிலர் அதை இணைவைப்போரின் பண்டிகைகள் என்றே விளக்கியிருக்கிறார்கள். சகோதரி, பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவது பற்றியும் யோசியுங்கள்.

மூணு பிள்ளைகளின் உம்மா
யோசிக்கிறேன். ஃபீஸ் நீங்கள் கட்டுவதாக இருந்தால் இன்றைக்கே மாற்றுகிறேன்.

எதிர்வீட்டான்
என் மனதில் ஓடுவது குர்ஆன் 60:8தான். மார்க்க விஷயத்தில் உங்களோடு போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதி செலுத்துவதையும் அல்லாஹ் தடுக்கவில்லை. படியில் கொட்டிக் கிடந்தது அந்த நன்மையா? வாங்கலாம் வாங்கக்கூடாது, நீங்கள் இரண்டு பேரும் எப்படியும் முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

ஏழு வருஷம்
நான் இஸ்லாத்தை ஏற்று ஏழு வருஷம் ஆகிறது. அம்மா பழைய மார்க்கத்தில்தான் இருக்கிறார். நபித்தோழி அஸ்மா (ரலி) அவர்களின் தாய் இணைவைப்பவராக இருந்தபோதும் உறவைப் பேணச் சொன்னார்கள் நபி (ஸல்) என்று புகாரி ஹதீஸ் நூலில் வருகிறதே, அந்த ஹதீஸைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு பண்டிகைக்கும் போகிறேன். பூஜை நேரத்தில் கொல்லைப்புறம் போய்விடுவேன். முடிந்ததும் அம்மா ஜன்னல் வழியாக "ஆச்சு, வா" என்பார். எங்களுக்குள் அப்படி ஒரு ஏற்பாடு.

போன வருஷம் அம்மாவுக்குக் கை நடுக்கம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். விளக்கேற்றப் போனதில் இரண்டு தீக்குச்சி ஒடிந்தது, மூன்றாவது அணைந்தது. பெட்டியை என்னிடம் நீட்டி, "கொளுத்தி மட்டும் குடு, நீ கும்புட வேணாம்" என்றார். நான் வாங்கவில்லை. பக்கத்துவீட்டுப் பையனைக் கூட்டிவரேன் என்று வெளியே போனேன், அவன் குளித்துக்கொண்டிருந்தான், வர பத்து நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது அம்மா அதே இடத்தில், கையில் பெட்டியோடு, விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

31:15ஐ எல்லாரும் ஓதியிருப்பீர்கள். இணைவைக்கச் சொல்லி வற்புறுத்தினால் பெற்றோருக்குக் கட்டுப்படாதே, ஆனால் உலக விஷயத்தில் அவர்களோடு நல்லபடியாக நடந்துகொள். ஒரே வசனத்தில் இரண்டும். அந்தப் பத்து நிமிடம் எந்தப் பாதியில் வரும் என்று ஒரு ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டேன். நீங்கள் செய்தது சரி என்றார், அப்புறம் கொஞ்சநேரம் எதுவும் பேசவில்லை.

இரவல் புத்தகம்
அம்மா இப்போ எப்படி இருக்காங்க?

ஏழு வருஷம்
இருக்காங்க. கை மட்டும் இன்னும் நடுங்குது. அடுத்த மாசம் போகணும்.